பிறை பார்த்துக் கடலுக்குப் போன காலம்

குடும்பத்தோடு தீவுக் கரையொன்றில் விடுமுறையைக் கழிப்பதென்பது விமானச் சீட்டோடும் விடுதிப் பதிவோடும் தொடங்கும் காரியமாக இன்று ஆகிவிட்டதாயினும், தீவிலேயே பிறந்து அலையோசை கேட்கும் தூரத்தில் வாழ்ந்த கிழக்கிலங்கை அட்டாளைச்சேனை முஸ்லிம் மக்களுக்கும், வடக்கே பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் தொட்டுக் கல்முனை வரையுள்ள அவர்களுடைய உறவினர்க்கும், கடலுக்குக் குடும்ப சகிதம் செல்வதற்கென்றே நாள்கள் இருந்தன. அவற்றுள் முதன்மையானது இஸ்லாமியச் சந்திர ஆண்டின் ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையாகிய ஒடுக்கத்துப் புதன்.

நபிகள் நாயகத்தின் நோய் அப்புதனில் சற்றே தணிந்தது, அவர்கள் நீராடினார்கள் என்ற நம்பிக்கையும், ஆண்டின் பலாய் முஸீபத்துகள் என்னும் துன்பங்கள் அன்றுதான் இறங்குகின்றன என்ற அச்சமும் கலந்து வளர்ந்த ஆசாரம் இது. குர்ஆனில் ‘ஸலாம்’ என்று தொடங்கும் ஏழு வாக்கியங்களை ஊர்ப் பள்ளியின் லெப்பை வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ நீரால் எழுதிக் கொடுப்பார். எழுத்து உலர்ந்ததும் தண்ணீர் வார்த்துக் கழுவி, இளமஞ்சளாய்த் தெளிந்த அந்நீரைக் கைக்குழந்தை முதல் மூத்தம்மா வரை ஆளுக்கொரு மிடறு பருகிவிட்டு நீராடப் போவார்கள். தக்காணத்து முஸ்லிம்கள் அந்நாளில் இவ்வாறே எழுதிக் குடித்து, நீராடிப் புத்தாடை உடுத்துத் தோட்டங்களில் உலாவியதை, 1832இல் இலண்டனில் வெளிவந்த ‘கானூனே இஸ்லாம்’ என்னும் நூலில் ஜாஃபர் ஷரீஃப் விவரித்திருக்கிறார். மலாய் நாட்டிலோ ‘மண்டி சஃபார்’ என்ற பெயரில் மலாக்காவின் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் குடும்பங்கள் திரண்டன. வங்கக் கடலுக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே புதன்கிழமையில் குழந்தைகள் அலையில் நனைந்தார்கள் என்று எண்ணும்போது உள்ளம் பூரிக்கின்றது.

இரண்டாவது பிரயாணம், ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, மீரான் கந்தூரி என்று நம்மவர் வழங்கும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் வந்தது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேறும் பன்னிரண்டு நாளும் அக்கரை மணல் ஓர் ஊராகவே மாறிவிடும். களியோடை கடந்து வண்டி கட்டிச் சென்றவர்கள் பாயும் கட்டுச்சோறும் கொண்டு போனார்கள். பக்கீர் பாவாக்களின் றாத்திபு என்னும் கூட்டு ஓதல், பள்ளியில் கொடுக்கும் நார்சா என்னும் நேர்ச்சை உணவு, வளையற்கடை, மிட்டாய்க்கடை எல்லாம் அங்கே காத்திருந்தன.

இப்பிரயாணங்களைத் திட்டமிட்டவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பது என் துணிபு. தாய்வழிக் ‘குடி’ முறை நிலவும் இக்கரையில் வீடு மகளுக்கே சீதனமாகிறதாதலால், ராத்தாவும் தங்கையும் உம்மாவின் வளவையொட்டியே வாழ்ந்தார்கள்; ஆகவே ஒரு வண்டியில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஒரு தாய் வயிற்றுப் பெண்களும் அவர்களுடைய மக்களுமாவர், மருமகன்மார் துணைக்குப் போனார்கள்.

திட்டமிடலில் ஒரு சிக்கல் இருந்தது. வயல் சூரியனைப் பார்த்து விளைகிறது. மாதமோ பிறையைப் பார்த்து நடக்கிறது. சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாளே ஆகையால் ஒடுக்கத்துப் புதன் வருஷந்தோறும் சராசரியாகப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டில் பருவங்கள் அனைத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். மாரி வெள்ளாமை வெட்டிக் கையில் காசும் நெல்லும் புழங்கும் மாசி பங்குனியில் வந்தால் கொண்டாட்டம். கார்த்திகை மார்கழியில் வந்தால் வாடைக் காற்றும் கொந்தளிக்கும் கடலும் வாசலிலேயே தடுத்துவிடும், நீராடல் கிணற்றடியோடு முடியும். ஆயினும் இரு நாள்களுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தபடியால், ஒன்றை வாடை கெடுத்தாலும் மற்றது பெரும்பாலும் அமைதிக் கடலில் அமைந்தது. எவரும் வகுக்காத ஏற்பாடுதான்; எனினும் பெரும்பாலான ஆண்டுகளில் பிள்ளைகளை முழுக்க ஏமாற்றாத ஏற்பாடு.

ஒடுக்கத்துப் புதனுக்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்று ஆலிம்கள் கூறினர்; அதைத் தீர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஆனால் அந்த ஆசாரம் மறைந்தபோது, பெண்கள் கூட்டமாகக் கடலில் இறங்குவதற்கு ஊர் மனமுவந்து தந்திருந்த சம்மதமும் கூடவே மறைந்ததே என்று நான் வருந்துகிறேன். அதன்பின் உள்நாட்டு யுத்தம் கடற்கரையை அச்சத்தின் எல்லையாக்கியது; 2004 டிசம்பர் 26 அன்று கடலே ஏறிவந்து இக்கரையின் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஒலுவில் துறைமுகம் எழுந்த பின்னர் அதன் வடபுறக் கரை அரித்துச் செல்லப்பட, பாய் விரிக்க மணலும் அருகிற்று.

இப்போது குடும்பங்கள் வான் பிடித்து அறுகம்குடாவுக்கும் பாசிக்குடாவுக்கும் போகின்றன. முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை நோன்பு மாதத்தோடு சேர்ந்து நகர்வதால், அப்பயணங்களுள் பலவும் நோன்புப் பெருநாளை ஒட்டியே அமைகின்றன. நாள் குறிப்பது இன்றும் பிறைதான். 2030ஆம் ஆண்டில் நோன்பு ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் மறுமுறையும் தொடங்கும். அப்பெருநாள்களில் அறுகம்குடாவில் வாடை வீசிக்கொண்டிருக்குமாதலால், பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்வதென்று உம்மாமார் இப்போதே யோசிக்கத் தொடங்கலாம்.