பகலில் மரகதம், இரவில் மாணிக்கம்

ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் ஓடும் தொகோவாயா ஆற்றங்கரைக் காட்டில், 1830களின் தொடக்கத்தில் மரகதம் கிடைத்தது. அங்கே தோண்டியெடுத்த பச்சைக் கற்களில் சில, ஃபின்லாந்தைச் சேர்ந்த கனிமவியலாளர் நில்ஸ் குஸ்தாஃப் நோர்டன்ஷோல்டின் கைக்கு வந்தன. மரகதத்தைவிட அவை கடினமாக இருந்தன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தபோது பச்சை போய்ச் சிவப்பாக மின்னின என்கிறது வழிவழியாக வரும் கதை.

பட்டத்து இளவரசர் அலெக்சாந்தரின் பெயரால் அந்தக் கல் ‘அலெக்சாண்ட்ரைட்’ ஆனது. பச்சையும் சிவப்பும் ரஷ்யப் படையின் நிறங்கள் என்பதால் அரண்மனை அதைக் கொண்டாடியது. பின்னாளில் மன்னராகி, பண்ணையடிமை முறையை 1861இல் ஒழித்த அவர், 1881இல் குண்டுவீச்சில் இறந்தார். பிறகு வந்த நிக்கோலாய் லெஸ்கோவின் சிறுகதை ஒன்று, நிறம் மாறும் கல்லை அவருடைய விதியோடு முடிச்சுப் போட்டது.

கல்லுக்குள் மாயம் ஏதுமில்லை. அலெக்சாண்ட்ரைட் நம் வைடூரியத்துக்கு உடன்பிறப்பு. இரண்டும் கிரைசோபெரில் என்ற ஒரே கனிமம். அலெக்சாண்ட்ரைட்டில் கலந்திருக்கும் சிறிதளவு குரோமியம் மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டு, பச்சையையும் சிவப்பையும் வெளியே விடுகிறது. பகல் வெளிச்சத்தில் பச்சை ஓங்குகிறது. சிவப்பு மிகுந்த விளக்கொளியில் சிவப்பு ஓங்குகிறது. மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த காலத்தில் ஒரே மோதிரம் பகலுக்கொரு நிறமும் இரவுக்கொரு நிறமும் காட்டியது இப்படித்தான்.

இந்தக் கல் உருவாகத் தேவையான பெரிலியமும் குரோமியமும் பூமிக்குள் பெரும்பாலும் வேறுவேறு பாறைகளில்தான் இருக்கும். இரண்டும் ஓரிடத்தில் சேர்வது அரிது. அதனால்தான் இந்தக் கல்லுக்கு இவ்வளவு விலை.

யூரல் சுரங்கங்கள் வற்றிவந்த நிலையில், 1987இல் பிரேசிலின் ஹெமடிட்டாவில் புதிய படிவு கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கையின் சரளை மண்ணிலும் இது கிடைக்கிறது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 65.08 காரட் கல் இலங்கையில் எடுத்ததுதான். எடை சுமார் 13 கிராம்.

வாங்க நினைப்பவர்கள் கல்லை ஜன்னலோரம் ஒருமுறையும், பழைய குண்டு பல்பின் கீழ் ஒருமுறையும் பாருங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். ஆய்வகத்தில் வளர்த்த அலெக்சாண்ட்ரைட்டும் நிறம் மாறும். வனேடியம் சேர்த்த செயற்கைக் குருந்தக் கல்லும் நிறம் மாறும். ரத்தினப் பரிசோதனைக்கூடத்தின் சான்றிதழைப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.