மாத்திரை பெயர் தெரியுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். ஆனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

போன மாதம் என் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. வயது 71. இதயத்துக்காகப் பல வருடமாக ஆஸ்பிரின் சாப்பிட்டு வருகிறார். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கி, அதையும் மூன்று வாரம் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். மலம் கறுப்பாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். வயிற்றில் புண்ணாகி உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு?"

அண்ணி சொன்னார்: "காலையில ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு சிவப்பு, கால் வலிக்கு இன்னொண்ணு."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். "பெயரை முழுசாச் சொல்லு" என்று 34 வருடம் வகுப்பில் பிள்ளைகளை அதட்டியவள். சொந்த அண்ணன் சாப்பிடும் மாத்திரையின் பெயர் எனக்கும் தெரியவில்லை.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஏழு நாள் இருந்தோம். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அதிலேயே கரைந்தது. கடவுள் புண்ணியம், அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

நோயைத் தீர்க்க வந்த மருந்தே ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புமா என்ற கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. தேடிப் படித்தேன். படித்ததைப் பாடமாகச் சொல்லும் பழக்கம் ஓய்வு பெற்றும் விடவில்லை. ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன்.

1847 நவம்பரில் எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் சிம்சன் என்ற டாக்டர் குளோரோஃபார்மை மயக்க மருந்தாகப் பயன்படுத்திக் காட்டினார். வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று உலகமே மகிழ்ந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தில் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அந்தப் பெண் இறந்துபோனாள். நகம் எடுக்கப் போன பிள்ளை!

அதற்குப் பிறகும் அங்கங்கே இப்படி இறப்புகள் நடந்தன. மருந்துதான் காரணமா, நோயாளியின் பலவீனமா, கொடுத்தவரின் கவனக்குறைவா என்று நாற்பது வருடம் வாதம் நடந்தது. இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற டாக்டர், நிஜாமின் பண உதவியுடன் 1888, 1889 ஆண்டுகளில் இரண்டு குழுக்களை அமைத்து நாய், குரங்குகளில் சோதனை செய்தார். மூச்சைக் கவனித்துக்கொண்டால் போதும், ஆபத்து இல்லை என்று அந்தக் குழுக்கள் முடிவு சொல்லின. குளோரோஃபார்ம் இதயத்தையும் திடீரென்று நிறுத்தும் என்பது பின்னால்தான் உறுதியானது.

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழ் ஒரு நல்ல காரியம் செய்தது. மயக்க மருந்தால் நேர்ந்த இறப்புகளை எழுதி அனுப்பும்படி டாக்டர்களைக் கேட்டு, வந்தவற்றைத் தொகுத்து 1893இல் வெளியிட்டது. அவரவர் ஊரில் அவரவர் மறந்துபோன மரணங்கள் ஒரே இடத்தில் சேர்ந்தபோதுதான் அவற்றின் கனம் தெரிந்தது.

அடுத்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தாலிடோமைடு. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. கர்ப்பிணிகள் மசக்கைக்கும் சாப்பிட்டார்கள். கை கால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அவர்களில் பலர் பிறந்த சில மாதங்களிலேயே இறந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்தது எப்படி? ஜெர்மனியில் விடுகுந்த் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் ஒவ்வொரு தாயிடமும் போய், "கர்ப்பத்தின்போது என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு என்ற மகப்பேறு மருத்துவர் 'லான்செட்' இதழுக்குச் சில வரிகளே கொண்ட ஒரு கடிதம் எழுதினார். 1961 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள்.

அமெரிக்காவில் அந்த மருந்தைக் கடைக்கு வரவிடாமல் தடுத்தவர் ஃபிரான்சஸ் கெல்சி என்ற அம்மையார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் 1960இல் வேலைக்குச் சேர்ந்தவர். கம்பெனி எவ்வளவு நெருக்கியும், "ஆதாரம் போதாது" என்று கோப்பைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஸ்காட்லாந்து டாக்டர் ஒருவர் எழுதிய கடிதம் அவர் கண்ணில் பட்டது. இந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்று அதில் இருந்தது. கெல்சியின் பிடி இன்னும் இறுகியது. 1962இல் அதிபர் கென்னடி அவருக்கு விருது கொடுத்துப் பாராட்டினார்.

இந்த அடிக்குப் பிறகுதான் அரசாங்கங்கள் விழித்தன. 1964இல் பிரிட்டன் 'மஞ்சள் அட்டை' முறையைக் கொண்டுவந்தது. ஒரு மருந்தால் தீங்கு நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தாலே டாக்டர் அந்த அட்டையை நிரப்பி அனுப்பலாம். நிரூபிக்கத் தேவையில்லை. 1968இல் உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளைச் சேர்த்து இப்படிப்பட்ட தகவல்களைத் திரட்டத் தொடங்கியது.

ஆஸ்பத்திரி வார்டுக்குள் என்ன நடக்கிறது என்பதும் இருக்கிறதே? 1966இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வார்டில் இருந்தபடியே, யாருக்கு எந்த மருந்து, எதற்காக, எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது, என்ன தொந்தரவு வந்தது என்று ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதினார்கள். நாம் தினமும் வருகைப் பதிவேடு எழுதுவது போலத்தான்.

எழுதத் தொடங்கிய பிறகு கணக்கும் வந்தது. 1997இல் பாஸ்டனின் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. மருந்தால் தீங்கு நேர்ந்தவர்கள் சராசரியாக 2.2 நாள் கூடுதலாகப் படுத்திருந்தார்கள். தவிர்த்திருக்கக்கூடிய தீங்கு என்றால் 4.6 நாள். 700 படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு இதனால் வருடத்துக்கு 56 லட்சம் டாலர் செலவு, அதில் பாதி தவிர்க்கக்கூடியது என்று கணக்கிட்டார்கள். மறுவருடம் வந்த இன்னொரு ஆய்வு, ஆஸ்பத்திரி நோயாளிகளில் 6.7 சதவீதம் பேருக்குக் கடுமையான மருந்துத் தீங்கு நேர்வதாகச் சொன்னது. அது மிகையான கணக்கு என்று வாதாடியவர்களும் உண்டு.

2004இல் வந்த இங்கிலாந்து ஆய்வைப் படித்தபோது என் அண்ணன் முகம்தான் கண்முன் வந்தது. லிவர்பூல் பக்கத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 18,820 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 1,225 பேர், அதாவது 6.5 சதவீதம் பேர், மருந்தின் தீங்கோடு வந்தவர்கள். அந்தக் கணக்கை நாடு முழுமைக்கும் பொருத்திப் பார்த்தால் அரசுக்கு வருடத்துக்கு 46 கோடியே 60 லட்சம் பவுண்டு செலவு. காரணமான மருந்துகள் ஏதோ அபூர்வமானவை அல்ல. ஆஸ்பிரின், நீர் பிரியும் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வலி மாத்திரைகள். அதிகம் கண்ட தொந்தரவு, வயிறு குடலில் ரத்தக்கசிவு. பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் செலவின் பெரும்பகுதி அரசுக் கணக்கில் வருவதில்லை. அது நகைக்கடன் சீட்டிலும் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திலும் வருகிறது. யார் கூட்டிப் பார்ப்பது?

எழுதி வைக்கும் ஏற்பாடு இங்கேயும் வந்திருக்கிறது. 2010இல் மத்திய அரசு மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இப்போது அது காஜியாபாத்திலிருந்து நடக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் அதற்கான மையங்கள் உள்ளன. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியும் குடும்பத்தாரும் சொல்லலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. வேலை நாட்களில் கூப்பிடலாம். நேற்று அண்ணன் விஷயத்தை நான் சொல்லிவிட்டேன். ஒரு கடிதம் என்ன செய்யும் என்று மேலே படித்தீர்கள் அல்லவா?

இனி வீட்டுப்பாடம்.

வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, அவர்கள் பர்ஸில் வையுங்கள். நாட்டு மருந்து, சூரணம், கடையில் கேட்டு வாங்கியது எல்லாம் அதில் இருக்க வேண்டும். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை முதல் வரியில் எழுதுங்கள்.

புது மாத்திரை வாங்கும்போது அந்தத் தாளை டாக்டரிடமும் மெடிக்கலிலும் காட்டி, "இதோடு சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இதைப் படித்துப் பயந்து, சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அண்ணன்கூட அந்த ஆஸ்பிரினை டாக்டர் சொன்ன பிறகு மறுபடியும் சாப்பிடுகிறார். மருந்துகள் உயிர் காப்பவை. பெயர் தெரியாமல், சொல்லாமல் கொள்ளாமல் சாப்பிடுவதுதான் ஆபத்து.

நர்ஸாகவும் டாக்டராகவும் மெடிக்கல் கடை வைத்தும் இருக்கும் என் மாணவர்களே, நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள் தாளை எழுதி முடித்ததும் கீழே "எழுதிவிட்டேன் டீச்சர்" என்று போடுங்கள். யார் யார் எழுதினீர்கள் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்