இறந்த பேரரசரும் இரவல் மகுடமும்

முடிசூட்டு விழாவையொட்டி நாணயம் வெளியிடுவது அரச மரபு. 1819இல் லக்னோவில் அவ்வாறு அச்சிடப்பட்ட அரிய வெள்ளி நாணயமொன்று, பார்வைக்கு ஒரு சுதந்திரப் பிரகடனம். உள்ளபடி ஓர் அடிமைச் சாசனம்.

அதுவரை அவத்தை ஆண்டவர்கள் தம்மை அரசர் என்று அழைத்துக்கொண்டதில்லை. முகலாயப் பேரரசரின் அமைச்சர் என்று பொருள்படும் நவாப் வஜீர் என்பதே அவர்களின் பட்டம். வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையிலும் நாணயத்திலும் எவர் பெயர் இடம்பெறுகிறதோ அவரே இறைமைக்கு உரியவர் என்பது இஸ்லாமிய அரசியல் மரபு. அவத் நாணயங்களில் இருந்ததோ டெல்லிப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமின் பெயர். 1806இல் அவர் மறைந்தார். லக்னோ நாணயச்சாலை மட்டும் அவரை மறக்கவில்லை. அவருடைய ஆட்சியாண்டு 26 என்னும் எண்ணும் ஆண்டுகள் பல கடந்தும் மாறாமல் நின்றது.

1814இல் பட்டத்துக்கு வந்தார் காஸியுத்தீன் ஹைதர். அவருடைய தந்தை சாதத் அலி கான் காலத்திலேயே, 1801 உடன்படிக்கையின்படி, நாட்டின் ஏறத்தாழப் பாதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. நேபாளப் போருக்காகக் கம்பெனி அவரிடமிருந்து இரண்டு கோடி ரூபாய் கடன் பெற்றது. அதில் ஒரு கோடிக்கு ஈடாக, நேபாளத்திடமிருந்து கைப்பற்றிய தராய் நிலம் அவருக்குத் தரப்பட்டது. அவரை அரசராக அறிவித்துக்கொள்ளுமாறு தூண்டியவர் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு. அவத் உயர வேண்டும் என்பது அவரது நோக்கமன்று. டெல்லியின் எஞ்சிய மதிப்பும் குறைய வேண்டும் என்பதே.

1819இல் முடிசூட்டு விழா நடந்தது. மகுடம் முதலிய அரச சின்னங்களை வரைந்தளித்தவர் ராபர்ட் ஹோம் என்னும் ஆங்கில ஓவியர். மூன்றாம் மைசூர்ப் போரின்போது சென்னையிலிருந்து கார்ன்வாலிஸின் படையோடு சென்று, திப்புவின் நாட்டைச் சித்திரங்களாகத் தீட்டிய அதே ஹோம்தான் இவர். முடிசூட்டு வெள்ளியின் ஒரு புறத்தில் புதிய அரசரின் மார்பளவு உருவம். மறுபுறத்தில் ஐரோப்பியப் பாணி அரசச் சின்னம்: எதிரெதிரான இரு மீன்கள், மேலே மகுடம், இருபுறமும் கொடி தாங்கிய விலங்குகள். புழக்கத்துக்கு வந்த ரூபாய்களிலும் ஷா ஆலமின் பெயர் நீங்கி, காஸியுத்தீனின் பெயர் ஏறியது. அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் ஷா-இ-ஜமான், காலத்தின் அரசர்.

காலமோ அவருடைய வம்சத்துக்கு இன்னும் 37 ஆண்டுகளையே வைத்திருந்தது. மகுடம் சூட்டத் தூண்டிய அதே கம்பெனி, சீர்கெட்ட நிர்வாகம் என்று காரணம் சொல்லி 1856இல் அவத்தைத் தன் ஆட்சிப்பரப்போடு இணைத்தது. கடைசி அரசர் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்குப் போனார்.

மறு ஆண்டு கிளர்ச்சி வெடித்தது. சிப்பாய்கள் லக்னோவில் வாஜித் அலி ஷாவின் சிறுவயது மகன் பிர்ஜிஸ் கத்ரை அரியணை ஏற்றினார்கள். டெல்லிப் பேரரசருக்கு அடங்கியே அவன் ஆள வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. அந்நாட்களில் அச்சிடப்பட்டவை என்று நாணய ஆய்வாளர்கள் கருதும் வெள்ளி ரூபாய்களில் மகுடமும் இல்லை, காலத்தின் அரசரும் இல்லை. மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்ட ஷா ஆலமின் பெயரும், அதே பழைய 26ஆம் ஆட்சியாண்டுமே அவற்றில் திரும்பி வந்திருந்தன. கம்பெனி தந்த மகுடத்தைவிட இறந்தவரின் பெயரே போராடியவர்களுக்கு உயிருள்ளதாகத் தோன்றியிருக்கிறது.