குழந்தையின் வயிற்று நோவு



குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், "என்ன சாப்பிட்டாய்?" என்பதே யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலிற் பிறக்கும் கேள்வி. இது பழமையான கேள்வி. யாழ்ப்பாணத்து வைத்திய நூலாகிய பரராசசேகரத்திலே பாலரோகங்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. உணவே நோயுமாகும், மருந்துமாகும் எனக் கண்டு பத்தியம் வகுத்தது நம் மரபு.

1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நோயை ஆராய்வதற்கு நோயாளியின் மொழி வேண்டும். "குத்துது", "முறுக்குது" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த பாலகனிடத்து இத்தேவை இரட்டிப்பாகும்.

ஆயின், ஒருவருக்கு உணவாவது மற்றொருவருக்கு நஞ்சாவது ஏன் என்பது அக்காலத்தில் விளங்கவில்லை. 1906இல் வியன்னாவைச் சேர்ந்த பிர்க்கே என்னும் குழந்தை வைத்தியர் 'அலர்ஜி' என்ற சொல்லை ஆக்கினார். அதனையே நாம் ஒவ்வாமை என்கிறோம். 1921இல் பிரௌஸ்னிட்ஸ் என்பவர், மீன் ஒவ்வாத தம் நண்பர் கியூஸ்ட்னரின் இரத்தநீரைத் தமது தோலிற் செலுத்தினார். மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றைச் செலுத்த, தோல் தடித்தது. ஒவ்வாமைக்குரிய பொருள் இரத்தத்திலே உள்ளதென்பது புலனாயிற்று. 1960களில் அது 'ஐஜிஈ' என்னும் எதிர்ப்புப் புரதமென அறியப்பட்டது.

எனினும், தோற்பரிசோதனையில் தடிப்புக் கண்ட உணவெல்லாம் நோவுக்குக் காரணமென்று கொள்ளலாகாது. நமது ஒடியற் கூழையே எடுத்துக்கொள்வோம். மீன், இறால், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை யாவும் ஒரே பானையில் வேகின்றன. பல ஒவ்வாமைகளுள்ள பிள்ளை அதனைக் குடித்தபின் நோவென்றால், குற்றவாளி எது? அன்றி, பூச்சியோ, மலச்சிக்கலோ, குடல்வால் அழற்சியோ காரணமாயிருக்கலாமன்றோ?

ஆகவே, உண்டது, உண்ட நேரம், நோவு தொடங்கிய நேரம், உடன் கண்ட குறிகள் ஆகியவற்றை நாடோறும் குறித்து வைத்தல் வேண்டும். பின்பு, வைத்தியரின் மேற்பார்வையிலே ஐயத்துக்குரிய உணவைச் சில வாரங்கள் விலக்கி, மீண்டும் கொடுத்துப் பார்ப்பர். முன்னர் கடுமையான ஒவ்வாமை கண்ட பிள்ளைக்கு இச்சோதனை வைத்தியசாலையிலேயே நடைபெறல் வேண்டும். உணவுக்குப் பின் மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினாலும், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, வலப்பக்க அடிவயிற்றில் ஓயாத நோவு இவற்றுள் ஒன்று காணினும், சிறிதும் தாமதிக்கலாகாது.

அஞ்சி அஞ்சி மீனையும் பாலையும் முட்டையையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் வீட்டிலே, நோவு தீராதிருக்கப் பிள்ளையின் உடல் மெலிந்துவிடும். நம் முன்னோர் வகுத்த பத்தியத்துக்கு ஒரு காலவரையறை இருந்தது. காரணம் தெளியாமல், முடிவும் குறியாமல் விதிக்கும் விலக்கு பத்தியமன்று. வளரும் பிள்ளைக்கு அது பட்டினியேயாம்.