லினக்ஸ் கருவும் வலையமைப்புச் சாதனச் சேதமும்: 2008ஆம் ஆண்டு நிகழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணனித் துறையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஆக்கங்களையே வரிசைப்படுத்திச் செல்வர். யார், எப்போது, எதனைப் புதிதாக ஆக்கினார் என்பதே அவர்தம் வினாவாக அமைகின்றது. ஆக்கப்பட்ட பொருள் பழுதுற்றபோது அப்பழுதின் காரணம் எவ்வாறு அறியப்பட்டது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. வரலாற்றை ஆராய்வோர்க்கு இவ்விரண்டாம் வினாவே கூடிய பயன் தருவது என்பது எமது கருத்தாகும். சான்றுகளை நிறுத்துப் பார்த்தல், தோற்றத்தையும் காரணத்தையும் வேறுபடுத்தல், ஐயத்தை முடிபென மயங்காதிருத்தல் ஆகிய முயற்சிகள் யாவும் அங்கேதான் வெளிப்படக் காண்கிறோம்.

2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், லினக்ஸ் பணிசெயல் முறைமையின் 2.6.27 என்னும் எண் பெறவிருந்த பதிப்பு இன்னும் சோதனை நிலையிலேயே இருந்தது. அதனை இயக்கிய கணனிகள் சிலவற்றில் இன்ரெல் நிறுவனத்தின் வலையமைப்புச் சாதனங்கள் திடீரெனச் செயலிழந்தன. கணனியை நிறுத்தி மீள இயக்கியும் பயனில்லை. பழைய பதிப்புக்கு மீண்டும் பயனில்லை. மென்பொருளின் தவறு வன்பொருளையே கெடுத்துவிட்டிருந்தது. இந்நிகழ்வின் காரணம் அறியப்பட்ட வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சில அடிப்படைகளை நோக்குவாம். பணிசெயல் முறைமையின் மையப்பகுதியைக் 'கரு' என்பர். நினைவகத்தைப் பங்கிடுதலும் சாதனங்களை ஆளுதலும் அதன் தலையாய கடமைகள். ஒவ்வொரு சாதனத்தோடும் அதற்குரிய முறையில் தொடர்புகொள்ளும் நிரற்பகுதி 'செலுத்தி' எனப்படும். 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் ஆக்கத் தொடங்கிய லினக்ஸ் கருவிலே செலுத்திகள் யாவும் கருவின் உள்ளேயே, ஒரே முகவரி வெளியிலேயே இயங்குகின்றன. ஒரு பகுதி செய்யும் தவறு மற்றொரு பகுதியின் நினைவகத்தைக் கெடுப்பதற்கு இடையே சுவர் எதுவும் இல்லை. இவ்வமைப்புக் காலத்துக்கு ஒவ்வாதது என 1992ஆம் ஆண்டு சனவரியில் மினிக்ஸ் முறைமையின் ஆசிரியரான பேராசிரியர் அன்றூ ரனன்போம் கண்டித்தமையும், ரோர்வால்ட்ஸ் அதனைச் சூடாக மறுத்தமையும் இத்துறையினர் நன்கறிந்த விவாதமாகும். 2008ஆம் ஆண்டு நிகழ்வைப் பேராசிரியரின் கட்சிக்குச் சான்றாகக் கொள்ள விழைவோர் இருக்கலாம். ஆயின் நாம் பின்னர்க் காட்டவிருப்பதுபோல, கருவின் நிரலையே திருத்தும் உரிமை பெற்ற ஒரு பகுதியாற்றான் தீங்கு விளைந்தது. அத்தகைய உரிமையை எவ்வமைப்பில் வழங்கினும் அச்சம் நீங்காது என்பதே எமது துணிபு.

இனிச் சாதனத்துக்கு வருவோம். பாதிக்கப்பட்டவை 82566, 82567 முதலிய எண்களாற் குறிக்கப்பட்ட இன்ரெல் சாதனங்கள். இவை கணனியின் தாய்ப்பலகையோடு ஒன்றிணைந்தவை. கெட்டதைக் கழற்றி வேறொன்றைச் செருகிவிடலாம் என்று எண்ணுவதற்கில்லை. இச்சாதனத்துக்கெனச் சிறியதொரு நிலைத்த நினைவகம் உண்டு. மின் நிறுத்தப்பட்டாலும் அதில் எழுதப்பட்டவை அழியா. சாதனத்தின் தனித்த வலையமைப்பு முகவரி அதன் தொடக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இந்நினைவகம் செம்மையாக உள்ளதா என அறிவதற்குச் செலுத்தி ஓர் எளிய உபாயத்தைக் கையாளுகின்றது. முதல் 64 சொற்களை, ஒவ்வொன்றும் 16 பிற்றுக் கொண்டது, ஒன்றாகக் கூட்டுமிடத்துக் கடைசி 16 பிற்றுக்களில் 47802 என்னும் எண் வருதல் வேண்டும். (பதினாறடி எண்முறையில் இவ்வெண் 'பி-ஏ-பி-ஏ' என எழுதப்படும், பொறியியலாளரின் விளையாட்டுணர்வு இத்தகைய இடங்களிலேயே தலைகாட்டுகின்றது.) அவ்வெண் வாராதாயின் செலுத்தி சாதனத்தை ஏற்க மறுத்துவிடும். பாதிக்கப்பட்ட கணனிகளில் நேர்ந்தது இதுவே.

சாதனம் கெட்டது, அச்சாதனத்தை ஆளுவது 'ஈ1000ஈ' எனப் பெயரிய செலுத்தி. ஆகவே செலுத்தியே குற்றவாளி என முதலில் எண்ணப்பட்டது இயல்பே. கையிற் சிலம்போடு கண்டமையாற் கோவலன் கள்வனாயினான் அன்றோ? இன்ரெல் நிறுவனப் பொறியியலாளர் தமது செலுத்தியை வரிவரியாக ஆராய்ந்தனர். நிலைத்த நினைவகத்தை ஒரே வேளையில் இருவர் தீண்டாதவாறு பூட்டுக்கள் இடப்பட்டன. சிறு குறைகள் சில அகப்பட்டன, அவை திருத்தப்பட்டன, சேதத்துக்கான காரணம் மட்டும் அகப்படவில்லை. சாதனங்களை நேரடியாகத் தொடும் வழக்கமுடைய வரைகலைப் பகுதியின் மீதும் ஐயம் சென்றது. இதற்கிடையில் உபுண்டு முதலிய விநியோகங்களைத் தொகுப்போர் தம் சோதனைப் பதிப்புக்களில் அச்செலுத்தியையே முடக்கி வைக்கவும் பயனாளரை எச்சரிக்கவும் நேர்ந்தது. சாதனம் நலமாயிருக்கும்போதே அதன் நிலைத்த நினைவகத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுமாறும் கூறப்பட்டது. படி வைத்திருந்தோர்க்குச் சாதனத்தை மீட்க வழி இருந்தது. ஏனையோர் நிலை பரிதாபத்துக்குரியது. திறந்த மூல முறைமை ஒன்றின் நம்பகம், வெளியீட்டுக்கு முன்னரே அதனைத் தம் சொந்தக் கணனியில் இயக்கிப் பார்க்கும் இத்தகையோரின் மீதே நிற்கின்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஊதியமின்றிப் பிறர்பொருட்டுச் சோதிப்போர் தம் கணனியையே இழக்க நேருமாயின், அடுத்த பதிப்பைச் சோதிக்க எவர் முன்வருவர்?

காரணத்தை அறிய ஏன் இத்துணைக் காலம் சென்றது என்பது ஆராயத்தக்கது. லினக்ஸ் கருவின் மூல நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும், அதனைச் செய்தவர் பெயரோடும் காரணக் குறிப்போடும், 2005ஆம் ஆண்டு முதல் 'கிற்' என்னும் முறைமையிற் பதிவாகி வருகின்றது. ஒரு பழுது எந்த மாற்றத்தாற் புகுந்தது என்பதை அறிய, நன்றாயிருந்த பதிப்புக்கும் பழுதுற்ற பதிப்புக்கும் இடைப்பட்ட மாற்றங்களை இருகூறாக்கி, நடுவிலுள்ளதைச் சோதித்து, பழுது எப்பாதியில் உள்ளதெனக் கண்டு, அப்பாதியை மீளவும் இருகூறாக்கிச் செல்வர். 2.6.26க்கும் 2.6.27க்கும் இடையே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் புகுந்தன. எனினும் இருகூறாக்கும் முறையில் ஏறத்தாழ 14 சோதனைகளில் முடிபு கிடைத்தல் வேண்டும். கணக்கு இவ்வாறு கூறினும் நடைமுறையில் இரு தடைகள் குறுக்கிட்டன. பழுது வெளிப்படும் ஒவ்வொரு சோதனையும் ஒரு சாதனத்தைப் பலிகொள்ளும். அன்றியும் பழுது எப்போதும் வெளிப்படுவதன்று. தற்செயலான கால ஒருமிப்பில் மாத்திரம் வெளிப்படுவது. ஆதலின் சேதம் நேராத சோதனையை 'நன்று' எனக் குறித்தல் தவறான பாதியைத் தெரிவதற்கு ஏதுவாகும். சான்றைத் தேடும் செயலே சான்றை அழிக்கும் இக்கட்டு இது.

ஈற்றில் வெளிப்பட்ட காரணம், வலையமைப்போடு யாதொரு தொடர்பும் அற்றது. 2.6.27இற் புதிதாகச் சேர்க்கப்பட்ட 'எஃப்ரேஸ்' என்னும் வசதி, கருவிலுள்ள செயற்கூறுகள் எவ்வொழுங்கில் அழைக்கப்படுகின்றன எனத் தடம் பார்ப்பது. அதனை ஆக்கியோருள் முதன்மையானவர், அக்காலத்தில் ரெட்ஹற் நிறுவனத்திற் பணியாற்றிய ஸ்ரீவன் றோஸ்ரெட். தொகுப்பானின் உதவியால் ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் ஓர் அழைப்புப் புகுத்தப்படும். தடம் பார்க்காத வேளையிலும் இவ்வழைப்புக்கள் நிகழுமாயின் கரு தளர்வுறும். ஆகவே அவற்றின் முகவரிகள் முதன்முறை அழைக்கப்படும்போது ஒரு பட்டியலிற் குறிக்கப்பட்டன. செக்கனுக்கு ஒரு முறை விழித்தெழும் பணியொன்று அப்பட்டியலைப் பார்த்து, அவ்விடங்களிலுள்ள 5 பைற்று நீளமான அழைப்புக்களை 'ஒன்றும் செய்யாதே' என்னும் அறிவுறுத்தலாக மாற்றிவிடும். திறமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

குறிப்பதற்கும் மாற்றுவதற்கும் இடைப்பட்ட அச்சிறு கால இடைவெளியிலேதான் தீங்கு ஒளிந்திருந்தது. கருவிற் பின்னர் ஏற்றப்படும் கட்டுக்கூறுகளின் தொடக்கச் செயற்கூறுகள் ஒருமுறை இயங்கியதும் தேவையற்றனவாகிவிடும். அவை இருந்த நினைவகம் விடுவிக்கப்பட்டு வேறு தேவைக்கு வழங்கப்படும். 32 பிற்றுக் கணனிகளில், கட்டுக்கூறுகள் ஏற்றப்படும் முகவரிப் பரப்பும் சாதனங்களின் கட்டுப்பாட்டிடங்கள் பொருத்தப்படும் முகவரிப் பரப்பும் ஒன்றே. ஆகவே சற்றுமுன் ஒரு செயற்கூறு இருந்த முகவரியில் இப்போது வலையமைப்புச் சாதனத்தின் நிலைத்த நினைவகத்தை ஆளும் கட்டுப்பாட்டிடம் வந்து அமர்தல் கூடும். எஃப்ரேசின் பட்டியலோ பழைய உரிமையையே காட்டிக்கொண்டிருக்கும். காணி கைமாறியபின்னும் தோம்பிற் பழைய பெயரே நிற்பது போன்ற நிலை இது.

இவ்வபாயத்தை றோஸ்ரெட் முற்றாக எண்ணாமல் விட்டார் என்று கூறுதல் நீதியாகாது. குறித்த இடத்தில் எதிர்பார்த்த அறிவுறுத்தல் இருந்தால் மாத்திரமே மாற்றம் செய்யுமாறு அவர் நிரலை அமைத்திருந்தார். அதன்பொருட்டு முறைவழியாக்கியின் 'ஒப்பிட்டு மாற்றல்' என்னும் அறிவுறுத்தலைப் பயன்படுத்தினார். ஒப்பீடு பொருந்தாவிடின் எதுவும் எழுதப்படாது என்பதே எவரும் இயல்பாகக் கொள்ளும் கருத்து. ஆயின் இன்ரெல் முறைவழியாக்கியில் நிகழ்வது வேறு. ஒப்பீடு பொருந்தினும் பொருந்தாவிடினும் அவ்வறிவுறுத்தல் குறித்த முகவரிக்கு ஓர் எழுத்துச் சுற்றை அனுப்பியே தீரும். பொருந்தாதபோது, படித்த பழைய பெறுமானத்தையே திருப்பி எழுதும். சாதாரண நினைவகத்தில் இதனால் யாதொரு கேடும் இல்லை. சாதனத்தின் கட்டுப்பாட்டிடத்தில் எழுதுவதோ சாதனத்துக்குக் கட்டளை இடுவதற்கு ஒப்பாகும். 'மாற்றாதே' எனக் கருதிச் செய்யப்பட்ட செயல் நிலைத்த நினைவகத்தைக் குலைத்தமை இவ்வாறே. இவ்வியல்பு முறைவழியாக்கியின் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும்.

பரிகாரங்கள் வந்த ஒழுங்கு சிந்தனைக்குரியது. காரணம் அறியப்படுமுன்னரே, செலுத்தி தொடங்கும்போது நிலைத்த நினைவகத்தை எழுத்துக்கு எதிராகப் பூட்டிவிடும் திருத்தமொன்று சேர்க்கப்பட்டது. பூட்டியபின், கணனியின் மின்னை நிறுத்தி மீள இயக்காமல் அப்பூட்டைத் திறக்கவியலாது. அக்காப்போடு 2.6.27 ஒக்டோபர் 9ஆந் திகதி வெளியாயிற்று. காரணம் தெளிந்தபின் ஒக்டோபர் 15ஆந் திகதி வெளியான 2.6.27.1 எஃப்ரேசின் மேற்கூறிய நிரல்மாற்றும் பகுதியை முடக்கியது. காரணம் அறியாத நிலையில் ஒரு பதிப்பை வெளியிட்டமை தகுமா என்னும் வினாவுக்கு, எமக்கு முழு உடன்பாடான விடை இல்லை. காப்பு, அறியப்பட்ட சாதனத்தைக் காத்தது. மேலும் கணனிகள் பாழாவதைத் தடுத்தது. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் தவறான முகவரியில் எழுதும் கை அவ்வாறு தடுக்கப்படவில்லை. அது வேறு சாதனத்தைத் தீண்டியிருப்பின் அதனை எவரும் இந்நிகழ்வோடு தொடர்புபடுத்தியிருக்க மாட்டார். ஆறு நாட்களே இடைவெளி என்பது பின்னோக்கிப் பார்க்கும் எமக்குத் தெரிவது. ஒக்டோபர் 9ஆந் திகதி முடிபெடுத்தோர்க்குத் தெரிந்திருந்ததன்று.

விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் பழைய சுட்டியின்வழித் தீண்டும் தவறு இத்துறையில் மிகப் பழையது. அதனை இனங்காண்பதற்கு, விடுவித்த நினைவகத்தை 6பி என்னும் பதினாறடிப் பெறுமானத்தால் நிரப்பி வைக்கும் வழக்கம் லினக்சில் உண்டு. கரு நிலைகுலையும்போது வெளிவரும் அறிக்கையில் அப்பெறுமானம் தொடர்ந்து காணப்படின் ஆராய்வோன் காரணத்தை ஊகித்துக்கொள்வான். 2015ஆம் ஆண்டு 4.0 பதிப்பிற் சேர்ந்த 'கசான்' என்னும் கருவி இத்தகைய தவறுகளை நிகழும்போதே அறிவிக்கவல்லது. ஆயினும் விடுவிக்கப்பட்ட இடம் வேறொருவருக்கு முறைப்படி மீள வழங்கப்பட்டுவிட்டால், அதனைத் தீண்டும் பழைய சுட்டியை இக்கருவிகளும் எளிதிற் பிரித்தறியா. 2008இல் நிகழ்ந்தது அவ்வகையினதே.

எஃப்ரேஸ் கைவிடப்படவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் வெளியான 2.6.28இல் அது புதிய அடிப்படையில் எழுதப்பட்டு வந்தது. செக்கனுக்கொருமுறை விழிக்கும் பணி நீக்கப்பட்டது. அழைப்புக்களின் இடங்கள் கருவைத் தொகுக்கும் வேளையிலேயே அறியப்பட்டுப் பட்டியலாக்கப்பட்டன. தொடக்கப் பகுதிகள் அப்பட்டியலிற் சேர்க்கப்படவில்லை. கருவின் அழைப்புக்கள் அது இயங்கத் தொடங்கும்போதே மாற்றப்பட்டன. கட்டுக்கூறுகளுக்கு அவை ஏற்றப்படும்போதே அம்மாற்றம் செய்யப்பட்டது. 'ஒப்பிட்டு மாற்றல்' அறிவுறுத்தலுக்குப் பதிலாக, முதலிற் படித்து, எதிர்பார்த்தது இருப்பின் மாத்திரம் பின்னர் எழுதும் முறை கொள்ளப்பட்டது. எதிர்பாராத ஒன்றை ஓரிடத்திற் காணுமாயின், எஃப்ரேஸ் எச்சரிக்கை ஒன்றை எழுதிவிட்டுத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கணனி மீள இயக்கப்படும்வரை மீண்டும் எழாது.