பரணில் உறங்கிய ஏடு

திண்டுக்கல்லில் நாம் பிறந்த வீட்டின் பரணிலே நெடுங்காலம் உறங்கிய ஆங்கில ஏடு, நெல்சன் எழுதிய 'மதுரை நாடு'. அரசின் ஆணைப்படி எழுதப்பட்டு 1868-இல் வெளிவந்தது. திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. சிறுவயதில் அதன் பருமன் கண்டே மிரண்டோம்; இப்போதுதான் படித்து முடித்தோம்.

நெல்சன் வெள்ளையர் ஆட்சியின் அலுவலர். ஆட்சியின் வசதிக்கென்றே எழுதினார். ஆயினும், இங்கு வாழ்ந்த பல சாதியாரின் வழக்கங்களையும் தேடித் தொகுத்தார். அந்த அறிவு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. 1877-இல் மற்றொரு நூலில், சென்னை உயர்நீதிமன்றம் இந்துச் சட்டம் செலுத்தும் முறையைச் சாடினார். வடமொழிச் சாத்திரம் அறியாத மக்கள்மீது அதையே சட்டமெனச் சுமத்துவது தகுமா என்பதே அவர் வாதம்.

கேட்டவர் யார்? ஈரோட்டுப் பாசறையினரா? இல்லை, ஆங்கில அதிகாரி! கேட்டவர் காதிலே ஏறியதா? 1953-இலும் அதே நீதிமன்றம், சடங்கற்ற சுயமரியாதைத் திருமணம் செல்லாதென்றது. 1967-இல் அண்ணாவின் அரசு இயற்றிய சட்டமே அதனைச் செல்லுபடியாக்கியது. இடையிலே கழிந்தவை 90 ஆண்டுகள்!

இளைஞர்களே! ஆட்சியாளர் எழுதிய வரலாறென்று ஒதுக்காதீர். அப்படியே நம்பவும் செய்யாதீர். ஐயுற்றுப் படியுங்கள். நம் உரிமைக்கான சான்று, நாம் எதிர்பாராத கையெழுத்திலும் இருக்கக்கூடும்.