தெர்மாமீட்டர் உடைஞ்சா துடைப்பத்தை எடுக்காதீங்க! பாதரச விஷத்தில் இருந்து தப்புவது எப்படி?

ரெட்டிபாளையம்,

வீட்டில் இருக்கும் பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் கை தவறி விழுந்து உடைகிறது. பாதரசம் வெள்ளி முத்து மாதிரி தரையில் ஓடுகிறது. பசங்க ஆசையா உருட்டி விளையாடுவாங்க. அம்மா துடைப்பத்தால் கூட்டி சாக்கடையில் தள்ளிவிடுவார். இரண்டுமே தப்பு.

எப்படி விஷமாகிறது?

பாதரசம் வீட்டுக்குள் இருக்கும் சாதாரண சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூச்சோடு உள்ளே போனால் சுமார் 80 சதவீதம் உடம்பில் தங்கி மூளை, சிறுநீரகத்தை பாதிக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, ஞாபக மறதி, எரிச்சல், ஈறு வீக்கம் ஆகியவை அறிகுறிகள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கொடைக்கானல் பாடம்

கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடந்தது 2001-ல் அம்பலமானது. ஊர் மக்கள் போராட, அந்த மார்ச் மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்களுக்கு பாதிப்பு இல்லை என்றே நிறுவனம் சொல்லி வந்தது. ஆனாலும் விடாமல் போராடிய முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016-ல் உடன்பாடு ஏற்பட்டது.

சிமெண்ட் ஆலை பகுதியில்...

நிலக்கரியிலும் சுண்ணாம்புக்கல்லிலும் மிகச் சிறிய அளவில் பாதரசம் உண்டு. சூளையில் எரியும்போது அது புகையோடு வெளியேறும். அதனால்தான் 2018-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட மினமாட்டா ஒப்பந்தம், புகையைக் கட்டுப்படுத்த வேண்டிய பட்டியலில் சிமெண்ட் ஆலைகளையும் வைத்திருக்கிறது. ரெட்டிபாளையம் மாதிரி சிமெண்ட் ஆலை உள்ள ஊர்க்காரர்கள் இதை தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உடைந்தால் என்ன செய்யணும்?

* குழந்தைகளை வெளியே அனுப்புங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க.

* மோதிரம், வளையலை கழற்றுங்க. தங்கத்தில் பாதரசம் ஒட்டிக்கொள்ளும்.

* கையுறை போட்டு, இரண்டு தடிமனான அட்டையால் முத்துக்களை ஒன்று சேருங்க. மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுங்க.

* எல்லாவற்றையும் மூடி உள்ள பாட்டிலில் போட்டு, 'பாதரசம்' என்று எழுதி தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்க.

* துடைப்பம், வேக்குவம் கிளீனர் வேண்டாம். சாக்கடையில் கொட்டவோ, நெருப்பில் போடவோ கூடாது.

இப்படி உடனே சுத்தம் செய்துவிட்டால் ஒரு தெர்மாமீட்டருக்காக பயப்பட வேண்டியதில்லை. குழந்தை பாதரசத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க, டாக்டரிடம் காட்டுங்க. மூச்சுத்திணறல் வந்தால் 108-க்கு போன் பண்ணுங்க.

கிரீமிலும் உஷார்!

ஒரே வாரத்தில் சிவப்பாகலாம் என்று விற்கும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. கேரளாவின் மலப்புரத்தில் 2023-ல் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்கு சிறுநீரக நோய் வந்தது. தயாரித்தவர் பெயர், முகவரி இல்லாத கிரீமை தொடாதீங்க. 'மெர்குரி', 'கலோமெல்' என்று போட்டிருந்தாலும் வேண்டாம்.

கர்ப்பிணிகள் சுறா போன்ற பெரிய மீன்களைத் தவிர்த்து மத்தி, நெத்திலி சாப்பிடலாம். அடுத்த முறை தெர்மாமீட்டர் வாங்கும்போது டிஜிட்டல் கேட்டு வாங்குங்க. உடைந்தாலும் விஷம் இல்லை!